சுண்ணாம்பு இட்ட பின்னும் வெளுத்த கறிவேப்பிலை: ஒரு சமூகத் தோட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரின் வடபகுதியில் உள்ள ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்புப் பேட்டையில், இரண்டு புளோக்குகளுக்கு நடுவே எட்டுப் பாத்திகள் கொண்ட சமூகத் தோட்டம் ஒன்று இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தின் வழியில் தீவெங்கும் பெருகிய தோட்டங்களைப் போன்றதுதான் இதுவும். ஒவ்வொரு பாத்தியும் 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உடையது. பதினான்கு குடியிருப்பாளர்கள் முறை வைத்துப் பராமரிக்கிறார்கள். பெரும்பாலானோர் தமிழர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி, தண்டுக்கீரை, பயற்றங்காய் ஆகியவற்றைப் பயிரிட்டு, பொங்கலன்று புளோக்கில் உள்ள எல்லா இனத்தவருக்கும் ஒரு பை காய்கறி கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் தொடக்கத்திலேயே வைத்துக்கொண்ட குறிக்கோள்.

மண், பயிர் பற்றிய அறிமுக வகுப்புகளைத் தன்னார்வலனாக நடத்தி வருபவன் என்ற முறையில் 2023 மார்ச் மாதத்தில் என்னை அழைத்தார்கள். அன்றிலிருந்து அடுத்த பொங்கல் முடியும் வரை நடந்ததைத் தோட்டக்குழுவின் ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். இதில் முதல் தவறு என்னுடையது என்பதால் அதிலிருந்தே தொடங்குவது முறை.

முதல் வருகையும் முதல் அறிவுரையும்

வெண்டைச் செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. ஐந்து கறிவேப்பிலைச் செடிகளும் மஞ்சளித்திருந்தன. தஞ்சாவூர்ப் பக்கம் வயல் வேலை பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர், "மண் புளிச்சுப் போயிருக்கும் தம்பி, சுண்ணாம்பு போட்டாத்தான் சரியாகும்" என்றார். என் மனத்திலும் அதே விடை ஏற்கெனவே இருந்தது.

அந்த விடைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இவ்வளவு நீர் ஆண்டு முழுவதும் மண்ணின் வழியே இறங்கும்போது கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற சத்துகள் அடித்துச் செல்லப்பட்டு மண் அமிலத்தன்மை அடைகிறது. தீவின் நடுவிலும் வடக்கிலும் கருங்கற்பாறை சிதைந்து உருவான செம்மஞ்சள் களிமண்ணில் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5க்குக் கீழே இருப்பது இயல்பு. இத்தகைய மண் சத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் திறன் குறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் இங்கே காட்டை அழித்து, தோல் பதனிட உதவும் கம்பீர்ச் (gambier) செடியும் மிளகும் பயிரிட்டவர்கள், மண் களைத்ததும் அந்த நிலத்தைக் கைவிட்டுப் புதிய காட்டை நோக்கி நகர்ந்தார்கள். விட்டுச்சென்ற இடத்தில் லாலாங் புல் மண்டியது. இதையெல்லாம் வகுப்பில் பல முறை சொல்லியிருக்கிறேன். பல முறை சொன்ன ஒன்றை அளந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

சதுர மீட்டருக்கு 200 கிராம் வீதம் டோலமைட் சுண்ணாம்பு இடும்படி சொன்னேன். ஒரு பாத்திக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. குழுவினர் அத்தோடு முட்டை ஓட்டுப் பொடியும், குழுவை நடத்தும் அக்கா சேர்த்து வைத்திருந்த விறகுச் சாம்பலும், கோழி எருக் குருணையும் இட்டார்கள்.

அன்று நான் எடுத்த படங்களைப் பிறகு பார்த்தபோது இரண்டு செய்திகள் அவற்றில் தெளிவாகவே இருந்தன. ஒன்று, கறிவேப்பிலையின் மஞ்சள் நிறம் அடி இலைகளில் இல்லை, கொழுந்தில்தான் இருந்தது. இன்னொன்று, தோட்டத்தின் ஓரத்தில் நகர மன்றம் வளர்க்கும் வெட்சி வேலியும் அதே போலக் கொழுந்து வெளுத்து நின்றது. வெட்சி அமில மண்ணை விரும்பும் செடி. மண் உண்மையிலேயே புளித்திருந்தால் மற்றவை வாடினாலும் வெட்சி செழித்திருக்க வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் கண்டவை

மூன்று மாதங்களில் நிலைமை மோசமானது. கறிவேப்பிலைக் கொழுந்துகள் ஏறக்குறைய வெண்மையாகவே வந்தன. நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிந்தன. செடிகள் வாடுவதைப் பார்த்தவர்கள் காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினார்கள். மழை பெய்தால் பாத்திகளின் நடுவே நீர் ஒரு நாளுக்கு மேல் தேங்கியது. டெங்கி அச்சம் உள்ள பேட்டையில் அது தோட்டத்தின் பிரச்சினையாக மட்டும் இருக்க முடியாது. மேல்மாடிக் குடும்பம் ஒன்று முறையிட்டதில் நியாயம் இருந்தது. தண்டுக்கீரை மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது.

இலை மஞ்சளாகும் இடத்தைப் பார்ப்பது அறிமுகப் பாடத்தின் முதல் வாரத்தில் வருவது. தழைச்சத்து (நைட்ரஜன்) செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி முதிய இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும், ஆகவே அடி இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்பு அப்படி எளிதில் இடம் மாறுவதில்லை. வேருக்கு இரும்பு கிடைக்காமல் போனால் அதன் அடையாளம் கொழுந்தில்தான் தெரியும், நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும். இங்கே கண்முன் இருந்தது இரும்புப் பற்றாக்குறை. கருங்கல் சிதைந்த செம்மண்ணில் இரும்புக்குக் குறைவே இல்லை, அந்தச் சிவப்பு நிறமே இரும்பின் நிறம். அப்படியானால் இரும்பு மண்ணில் இருந்தும் கரையாத நிலையில் இருக்க வேண்டும். கரையாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் காரத்தன்மை. பிஎச் ஓர் அலகு கூடினால் மண்நீரில் கரைந்திருக்கும் இரும்பின் அளவு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

இந்த முடிவுக்கு நான் வந்து சேர்ந்தபோது ஜூன் பிறந்துவிட்டது.

குழி

நிலத்தடியில் கம்பிவடங்கள் செல்லக்கூடும் என்பதால் நகர மன்றத்திடம் கேட்டு, கையால் மட்டும் அரை மீட்டர் ஆழம் வரை தோண்ட அனுமதி பெற்றோம். ஜூன் மாதத்தின் ஒரு சனிக்கிழமை காலை ஏழாம் பாத்தியின் நடுவில் தோண்டினோம். மண்வெட்டி பன்னிரண்டு சென்டிமீட்டரிலேயே நின்றுவிட்டது. அதற்குக் கீழே கடப்பாரை தேவைப்பட்டது.

மேலே 12 சென்டிமீட்டர் வரை குழுவினர் பல ஆண்டுகளாக வாங்கிப் போட்ட கறுப்பு மண் இருந்தது. அதன் கீழே 38 சென்டிமீட்டர் வரை சாம்பல் நிறத்தில் இறுகிய ஓர் அடுக்கு. அதில் செங்கல் துண்டுகள், தரை ஓட்டுச் சில்லுகள், சிமெண்டுக் காரைக் கட்டிகள். அதற்கும் கீழேதான் நான் மார்ச் மாதத்தில் மனத்தில் வைத்துப் பேசிய செம்மஞ்சள் களிமண் தொடங்கியது. வெண்டையின் ஆணிவேர் சாம்பல் அடுக்கைத் தொட்ட இடத்தில் பக்கவாட்டில் மடங்கி, படுத்த நிலையில் ஓடியிருந்தது. அந்த வேரைக் கையில் எடுத்துப் பார்த்த பெரியவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை.

மூன்று அடுக்குகளிலிருந்தும் மண் எடுத்து உலர்த்தி, சலித்து, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, முன்கூட்டியே சரிபார்த்த கருவியால் பிஎச் அளந்தோம். மேல் அடுக்கில் 7.6, சாம்பல் அடுக்கில் 8.3, அடிக் களிமண்ணில் 4.9. சமையலறை வினிகரைச் சில துளிகள் விட்டபோது சாம்பல் அடுக்கு நுரைத்தது, களிமண் நுரைக்கவில்லை. வினிகரின் அமிலம், சுண்ணாம்பிலும் சிமெண்டுக் காரையிலும் உள்ள கார்பனேட்டோடு சேரும்போது கரியமில வாயு வெளிவருவதால் எழும் நுரை அது. ஆய்வுக்கூடமும் கருவியும் இல்லாதவர்கள்கூட வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

நீர் வடியும் வேகத்தை அறிய வேறொரு பாத்தியில் 30 சென்டிமீட்டர் ஆழக் குழியை ஒரு முறை நிரப்பி வடியவிட்டு, மீண்டும் நிரப்பிப் பார்த்தோம். மணிக்கு இரண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை இறங்கினால் காய்கறிக்கு ஏற்ற மண் எனலாம். இங்கே மணிக்கு ஒரு சென்டிமீட்டர்கூட இறங்கவில்லை. அன்று மாலையே நீரை இறைத்து இரு குழிகளையும் மூடினோம்.

காரை எங்கிருந்து வந்தது என்பதை மூன்றாம் மாடியில் இருக்கும் பாட்டி ஒருவர் சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் மின்தூக்கி மேம்பாட்டுப் பணி நடந்தபோது அந்தப் புல்வெளியில்தான் மணலும் சிமெண்டும் குவித்து வைத்திருந்தார்களாம். வேலை முடிந்ததும் மேலே மண் நிரவிப் புல் பதித்தார்களாம். பாட்டி அன்றாடம் தோட்டத்தைக் கடந்துதான் சந்தைக்குப் போகிறார். அவரிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

சுண்ணாம்பு செய்த கேடு எவ்வளவு?

நான் சொன்ன சுண்ணாம்பே செடிகளைக் கெடுத்தது என்று குழுவில் சிலர் நினைத்தார்கள். என் கணிப்பு சற்று வேறு. பிஎச் ஏற்கெனவே 8ஐ ஒட்டியிருக்கும் மண்ணில் டோலமைட் மிக மெதுவாகவே கரையும். பாத்திக்கு ஒரு கிலோ என்பது அங்கே புதைந்திருந்த காரையின் முன் சிறு அளவு. விறகுச் சாம்பல் எளிதில் கரையும் காரம் என்பதால் மேல் அடுக்கில் அது கூடுதல் தீங்கு செய்திருக்கும். தண்ணீரை மிகையாக ஊற்றியது அதைவிடப் பெரிய கேடு: கார்பனேட் உள்ள மண் நீரில் ஊறிக் காற்றோட்டம் இழக்கும்போது பைகார்பனேட் பெருகி, இரும்பை எடுக்கும் வேரின் திறனை மேலும் குறைக்கிறது. ஆனால் செடி வாடுகிறது என்று தண்ணீர் ஊற்றியவர்கள்மீது குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் அறிவுரையின் உண்மையான விலை, சரியான காரணத்தைத் தேடாமல் கழிந்த மூன்று மாதங்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஜூலையில் புளோக்கின் திறந்த கீழ்த்தளமான வெற்றுத்தளத்தில் கூடிப் பேசினோம். முதலில் எழுந்த யோசனை, கந்தகம் இட்டு மண்ணை அமிலமாக்குவது. மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் கந்தகத்தைக் கந்தக அமிலமாக மாற்றும் என்பது உண்மை. கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு பாத்தியின் 20 சென்டிமீட்டர் மண் ஏறத்தாழ 1,250 கிலோ இருக்கும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டும் கார்பனேட் என்று வைத்துக்கொண்டாலும் 12.5 கிலோ, அதைச் சமன் செய்ய 4 கிலோ கந்தகம் வேண்டும். எட்டுப் பாத்திகளுக்கு 32 கிலோ. அதன்பிறகும் காரைக் கட்டிகள் கரையக் கரையப் புதிய காரம் வந்துகொண்டே இருக்கும். கைவிட்டோம்.

காப்பிக்கடையிலிருந்து காப்பிச் சக்கை வாங்கிப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். வடித்த பிறகு மிஞ்சும் சக்கை ஏறக்குறைய நடுநிலையானது, அமிலம் பெரும்பாலும் குடிக்கும் காப்பியோடு போய்விடுகிறது. அதை மட்க வைத்து எருவாக்குவது நல்லது என்று முடிவு செய்தோம்.

மண் முழுவதையும் அள்ளிவிட்டுப் புதியதை நிரப்பப் பணமும் இல்லை, அதற்கான அனுமதியும் எளிதல்ல. இறுதியில் எட்டுப் பாத்திகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை என்று தீர்மானித்தோம். நான்கு பாத்திகளில் பெரிய கட்டிகளைப் பொறுக்கி, அடியைக் கடப்பாரையால் நெகிழ்த்தி, மேலே 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பலகை அடைத்துப் புதுக் கலவை நிரப்புவது. இரண்டில் நெகிழ்த்தி மட்கு எரு மட்டும் சேர்ப்பது. மீதி இரண்டைப் பாத்தியாகப் பயன்படுத்துவதை நிறுத்தி, தொட்டிகள் வைக்கும் இடமாக்குவது. உயர்த்திய பாத்தியின் அடியில் சரளைக்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. நுண்துளை மண்ணிலிருந்து பெருந்துளைச் சரளைக்கு நீர் எளிதில் இறங்காது. எல்லையிலேயே தேங்கி வேரை ஊறவைக்கும். ஆகவே சரளை போடவில்லை.

கலவையில் ஐந்து பங்கு தோட்ட மண், மூன்று பங்கு மட்கு எரு, இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு. கடைகளில் எளிதில் கிடைக்கும் பீட் மண்ணைக் குழுவினர் வேண்டாம் என்றார்கள். நூற்றாண்டுகளாகச் சதுப்பில் சேர்ந்த கரிமப்பொருளைத் தோண்டி எடுத்து எட்டுப் பாத்திக்காக வாங்குவது அவர்களுக்கு ஒப்பவில்லை. சதுப்புநிலங்கள் எரியும்போது எழும் புகைமூட்டத்தைச் சுவாசித்த ஊரில் அந்த எண்ணம் இயல்பானது. நான் அதை எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. நார்க்கழிவில் இருக்கும் உப்பை நீக்க மூன்று முறை நீரில் அலசினோம்.

மட்கு எருவுக்குத் துப்புரவு ஊழியர்கள் கூட்டிக் குவிக்கும் தூங்குமூஞ்சி மரச் சருகையும் வீட்டுக் காய்கறிக் கழிவையும் பயன்படுத்தினோம். கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும்படி உலர்ந்ததையும் ஈரமானதையும் கலந்து, மழை படாமல் மூடி, வாரம் ஒரு முறை புரட்டினார்கள். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளி மட்டும் வர வேண்டும் என்பதே ஈரத்துக்கான அளவுகோல்.

கறிவேப்பிலைச் செடிகளில் மூன்றைப் பெரிய தொட்டிகளுக்கு மாற்றி, இரண்டை அதே இடத்தில் விட்டு, கார மண்ணிலும் சிதையாத இடிடிஎச்ஏ வகை இரும்புச் சத்தை வேரில் ஊற்றினோம். மலிவாகக் கிடைக்கும் இடிடிஏ வகை பிஎச் 6.5க்கு மேல் நிலைக்காது. இரும்பு சல்ஃபேட்டை மண்ணில் இட்டால் சில நாள்களிலேயே துருவாகிப் பயனற்றுப்போகும்.

பின்விளைவுகள்

ஆகஸ்ட் நடுவில் விதைத்தோம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் ஊரிலிருந்து வந்த பெரியவருக்கு, பகல் நீளமும் வெப்பமும் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் தீவில் மாதம் முக்கியமில்லை, மழையே முக்கியம் என்பது அப்போதும் முழுதாக ஏற்கத்தக்கதாக இல்லை. டிசம்பர் மழைக்கு முன் காய் பறிக்க வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனோம்.

இடத்திலேயே விட்ட இரண்டு கறிவேப்பிலையும் நான்கு வாரத்தில் பச்சைக் கொழுந்து விட்டன. வெளுத்த பழைய இலைகள் தேறவில்லை. நவம்பர் இறுதியில் புதிய கொழுந்தில் மஞ்சள் மீண்டும் தெரிந்தது; மண் மாறாத இடத்தில் இரும்பைத் திரும்பத் திரும்ப ஊற்றித்தான் ஆக வேண்டும். தொட்டிக்கு மாற்றிய மூன்றில் ஒன்று பெயர்த்தபோது வேர் அறுந்து செத்தது. மற்ற இரண்டும் நன்றாக இருக்கின்றன.

உயர்த்திய பாத்திகளில் செப்டம்பர் இறுதியில் கத்தரி இலைகள் மஞ்சளாயின. குழுவை நடத்தும் அக்கா எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியை அப்படியே தருகிறேன்: "அடி இலைதான் மஞ்சள், கொழுந்து பச்சை. இது இரும்பு இல்லைதானே?" இல்லை. முழுதாக மட்காத நார்க்கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தைத் தமக்கு எடுத்துக்கொண்டதால் வந்த தற்காலிகப் பற்றாக்குறை. மார்ச்சில் நான் கவனிக்கத் தவறிய வேறுபாட்டை அவர் நான் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டார். கோழி எருவைப் பத்து நாளுக்கு ஒரு முறை சிறு அளவாக, மழை இல்லாத நாளில் இட்டார்கள். மொத்தமாக இட்டால் மழை அதைக் கால்வாய்க்குக் கொண்டுபோகும். இந்நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி; கால்வாயில் போகும் சத்து நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும்.

மட்கு எரு மட்டும் சேர்த்த இரண்டு பாத்திகளில் டிசம்பரில் அளந்தபோதும் பிஎச் 8ஐ ஒட்டியே இருந்தது. தண்டுக்கீரையும் பொன்னாங்கண்ணியும் அங்கே செழித்தன, வெண்டை தேறவில்லை. எருவைக் கொட்டினால் எந்த மண்ணும் திருந்தும் என்று நம்புகிறவர்களுக்கு அந்த இரண்டு பாத்திகளைத்தான் காட்டுகிறேன். உயர்த்திய பாத்திகளில் மண் மட்டம் நான்கு மாதத்தில் எட்டு சென்டிமீட்டர் தாழ்ந்தது. கரிமப்பொருள் மட்குவதால் இது ஆண்டுதோறும் நடக்கும், ஆண்டுதோறும் எரு வேண்டும். நீர் தேங்குவது நின்றது, முறையீடும் நின்றது.

2024 ஜனவரி 15ஆம் தேதி பொங்கலுக்கு முந்திய நாள் கத்தரி, வெண்டை, கீரை கொண்ட 31 பைகள் கொடுக்கப்பட்டன. இரண்டு புளோக்குகளுக்கும் அது போதாது. முதலில் வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகளுக்குக் கொடுத்தார்கள். ஆகஸ்டில் ஒரு மூலையில் ஊன்றிய மஞ்சள், கிழங்கு முற்றாவிட்டாலும், பானையில் கட்டும் கொத்துக்கு உதவியது. முதல் கொத்து மூன்றாம் மாடிப் பாட்டிக்குப் போனது.

மீண்டும் செய்ய நேர்ந்தால்

முதல் வருகையில் எந்த அறிவுரையும் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று பழைய குடியிருப்பாளர் இருவரிடமாவது கேட்பேன். சுற்றிலும் யாரும் கவனிக்காமல் வளரும் வேலிச் செடிகளைப் பார்ப்பேன். அனுமதி பெற்றுக் குழி தோண்டி, அடுக்கு அடுக்காக அளப்பேன். குழிக்கு ஒரு காலைப்பொழுதும் ஒரு புட்டி வினிகரும் தவிர வேறு செலவில்லை. வகுப்பிலும் வரிசையை மாற்றிவிட்டேன்: தீவின் மண் அமிலமானது என்ற பாடம் இப்போது குழி தோண்டிய வாரத்துக்கு அடுத்த வாரத்தில் வருகிறது. கட்டுமானம் நடந்த பேட்டை நிலத்துக்கு அந்தப் பாடம் நேரடியாகப் பொருந்தாது என்பதை அதே வகுப்பில், ஏழாம் பாத்தியின் மூன்று அடுக்கு மண்ணையும் கண்ணாடிப் புட்டிகளில் காட்டிச் சொல்கிறேன்.

நான்கு பாத்திகளையும் ஒரே நேரத்தில் உயர்த்தியது அவசரம். ஒன்றை மட்டும் முதலில் உயர்த்திப் பார்த்திருந்தால் நார்க்கழிவின் அளவைக் குறைத்திருக்கலாம். கறிவேப்பிலையையும் பெயர்க்காமல், பதியன் போட்டோ பக்கக் கன்று எடுத்தோ தொட்டியில் வளர்த்திருந்தால் ஒரு செடியை இழந்திருக்க மாட்டோம்.

வெட்சி வேலி இன்னமும் மஞ்சளாகத்தான் நிற்கிறது. அதன் அடி மண்ணையும் அளந்து, குழியின் அளவுகளோடு சேர்த்து நகர மன்றத்திடம் கொடுத்திருக்கிறோம். மட்கு எரு மட்டும் இட்ட இரண்டு பாத்திகளை ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளக்கும் பொறுப்பைத் தஞ்சாவூர்ப் பெரியவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். பிஎச் கருவி இப்போது அவர் வீட்டில் இருக்கிறது.